மறுதொடக்கத்தின் பின் திசைவி அண்டைத் தொடர்பு மீளாமை

மறுதொடக்கத்தின் பின் திசைவி அண்டைத் தொடர்பு மீளாமை என்பது, நிறுத்தி மீண்டும் தொடங்கப்பட்ட ஒரு திசைவி, தன் அண்டைத் திசைவிகளுடன் முன்பு கொண்டிருந்த வழிப்படுத்தல் தொடர்பையோ சிட்டைப் பகிர்வுத் தொடர்பையோ திரும்ப ஏற்படுத்திக்கொள்ளாத நிலை ஆகும். ரவுட்டர் எனப் பரவலாக அறியப்படும் திசைவி, கணினி வலையமைப்புகளில் தரவுப் பொதிகளை உரிய வழியில் அனுப்பும் கருவியாகும். இணையச் சேவை வழங்குநர்கள் பலரின் உள் வலையமைப்புகளில் ஓஎஸ்பிஎஃப், எல்டிபி என்னும் இரு நெறிமுறைகள் ஒன்றாக இயங்குகின்றன. முன்னது வழியைக் கண்டறிகிறது. பின்னது அவ்வழிக்கான சிட்டைகளைப் பகிர்ந்தளிக்கிறது. மறுதொடக்கத்தின் பின் இவ்விரண்டில் முன்னது மட்டும் மீண்டு, பின்னது மீளாதிருப்பதே இப்பழுதின் மிகவும் ஏமாற்றும் வடிவம் ஆகும். அந்நிலையில் வழி சரியாக உள்ளதாகவே சோதனைகள் காட்டும். வாடிக்கையாளரின் பொதிகள் மட்டும் சென்று சேரா.

பின்னணி

ஓஎஸ்பிஎஃப் என்பது "மிகக் குறுகிய வழியே முதலில்" என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் ஆகும். இதன் முதல் வரையறை 1989 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்றும் பயன்பாட்டிலுள்ள இரண்டாம் பதிப்பின் வரையறை, ஜான் மோய் எழுதிய ஆர்எஃப்சி 2328 என்னும் ஆவணமாக 1998 இல் வெளியிடப்பட்டது. இந்நெறிமுறையில் ஒவ்வொரு திசைவியும் தன் இணைப்புகளையும் அவற்றின் செலவுகளையும் அறிவிக்கிறது. அவ்வறிவிப்புகள் எல்லாத் திசைவிகளுக்கும் பரவுகின்றன. அவற்றைக் கொண்டு ஒவ்வொரு திசைவியும் வலையமைப்பின் முழு வரைபடத்தையும் தன்னிடம் அமைத்துக்கொள்கிறது. பின்னர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959 இல் வெளியிட்ட படிமுறையின் உதவியால் மிகக் குறைந்த செலவுடைய வழியைக் கணக்கிடுகிறது.

எம்பிஎல்எஸ் என்னும் தொழில்நுட்பத்தில், பொதியின் ஐபி முகவரிக்கு முன்னால் லேபிள் எனப்படும் சிட்டை ஒன்று இணைக்கப்படுகிறது. சிட்டை என்பது 20 பிட் நீளமுள்ள ஓர் எண் ஆகும். ஏனைய குறிப்புகளையும் சேர்த்து ஒவ்வொரு சிட்டையும் பொதியில் 4 பைட்டு இடம் பெறுகிறது. வழியிலுள்ள திசைவிகள் முகவரியைப் பாராமல், சிட்டையை மட்டும் பார்த்து, அதற்குப் பதில் வேறொரு சிட்டையை இட்டு அடுத்த திசைவிக்கு அனுப்புகின்றன. இதன் கட்டமைப்பு 2001 இல் ஆர்எஃப்சி 3031 ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. எந்த முகவரிக்கு எந்தச் சிட்டை என்பதை அண்டைத் திசைவிகள் தமக்குள் தெரிவித்துக்கொள்ளப் பயன்படும் நெறிமுறைகளுள் ஒன்றே எல்டிபி எனப்படும் சிட்டைப் பகிர்வு நெறிமுறை ஆகும். இதுவும் 2001 இல் வரையறுக்கப்பட்டு, 2007 இல் ஆர்எஃப்சி 5036 ஆகத் திருத்தி வெளியிடப்பட்டது.

எல்டிபி தானாக வழியைக் கண்டறிவதில்லை. ஓஎஸ்பிஎஃப் போன்ற ஒரு வழிப்படுத்தல் நெறிமுறை தெரிவுசெய்த வழியையே அது பின்பற்றுகிறது. ஆனால் ஓஎஸ்பிஎஃப் தன் வழியைத் தெரிவுசெய்யும்போது எல்டிபியின் நிலையைக் கேட்பதில்லை. இந்த ஒருதலைச் சார்பே மறுதொடக்கத்தின் பின் தோன்றும் பல சிக்கல்களுக்கு அடிப்படை ஆகும்.

இயல்பான மீட்சி

பழுதை இனங்காண்பதற்கு, பழுதில்லாத போது நிகழ்வன எவை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

திசைவி தொடங்கி, அதன் இடைமுகங்கள் செயல்படத் தொடங்கியவுடன், ஓஎஸ்பிஎஃப் ஒவ்வொரு இடைமுகத்திலும் ஹலோ என்னும் சிறு பொதிகளை 224.0.0.5 என்ற குழு முகவரிக்கு அனுப்புகிறது. இவை ஐபி நெறிமுறை எண் 89 இல் நேரடியாகச் செல்கின்றன. பொதுவாக 10 விநாடிக்கு ஒருமுறை ஹலோ அனுப்பப்படும். 40 விநாடிகள் ஹலோ வராவிட்டால் அண்டைத் திசைவி இறந்துவிட்டதாகக் கொள்ளப்படும். ஹலோவில் அனுப்புநர் தான் கேட்டறிந்த அண்டைத் திசைவிகளின் அடையாள எண்களைப் பட்டியலிடுகிறது. மறுபக்கத்திலிருந்து வரும் பட்டியலில் தன் எண்ணைக் காணும் திசைவி, இருவழித் தொடர்பு உள்ளது என்பதை உறுதி செய்துகொள்கிறது. அதன் பின் இரண்டும் தத்தம் தரவுத்தளச் சுருக்கங்களைப் பரிமாறி, குறைவனவற்றைக் கேட்டுப் பெற்று, ஃபுல் என்னும் முழுமை நிலையை அடைகின்றன.

எல்டிபியும் இதே நேரத்தில் 224.0.0.2 என்ற குழு முகவரிக்கு, யூடிபி 646 ஆம் துறையில் தனது ஹலோவை அனுப்பத் தொடங்குகிறது. இதற்கு வழிப்படுத்தல் அட்டவணை தேவையில்லை. ஆனால் ஹலோவுக்குப் பின் அமைக்கப்பட வேண்டிய அமர்வு, டிசிபி 646 ஆம் துறையில் இரு திசைவிகளின் போக்குவரத்து முகவரிகளுக்கு இடையே அமைகிறது. போக்குவரத்து முகவரியாகப் பெரும்பாலும் லூப்பேக் எனப்படும் மெய்நிகர் இடைமுகத்தின் முகவரி பயன்படுகிறது. அம்முகவரிக்கான வழியை ஓஎஸ்பிஎஃப் கற்றுத் தந்த பின்னரே டிசிபி இணைப்பு இயலும். இரண்டு முகவரிகளில் எண்மதிப்பில் பெரியதை உடைய திசைவி இணைப்பைத் தொடங்கும், மற்றது காத்திருக்கும். அமர்வு செயல்படு நிலையை அடைந்த பின்னரே சிட்டைகள் பரிமாறப்படுகின்றன.

எனவே மீட்சியின் வரிசை பின்வருமாறு அமைகிறது: இடைமுகம், ஓஎஸ்பிஎஃப் தொடர்பு, போக்குவரத்து முகவரிக்கான வழி, டிசிபி இணைப்பு, எல்டிபி அமர்வு, சிட்டை அட்டவணை. இவற்றில் ஒன்று தடைப்பட்டால் அதற்குப் பின்னுள்ளவை நிறைவடையா.

மறுதொடக்கம் வெளிக்கொணரும் பிழைகள்

மறுதொடக்கம் புதிய பிழையை உண்டாக்குவதைக் காட்டிலும், முன்பே உள்ள பிழையை வெளிக்கொணர்வதே மிகுதி. மாதக்கணக்கில் இயங்கும் ஒரு திசைவியின் நிலை, அதன் நினைவகத்தில் படிப்படியாக உருவானதாகும். சேமித்த அமைவடிவத்தை மட்டும் கொண்டு அதே நிலை மீண்டும் உருவாகும் என்பதற்கு உறுதியில்லை. இத்தகைய வேறுபாடுகளுள் முக்கியமானவை வருமாறு:

சேமிக்கப்படாத மாற்றங்கள். பல திசைவிகளில் இயங்கும் அமைவடிவமும் சேமித்த அமைவடிவமும் தனித்தனியானவை. ஓர் இடைமுகத்தில் எல்டிபியை இயக்கிவிட்டுச் சேமிக்க மறந்தால், மறுதொடக்கத்தின் பின் அக்கட்டளை இருக்காது. அதற்கு முந்தைய ஓஎஸ்பிஎஃப் கட்டளைகள் சேமிக்கப்பட்டிருப்பின், வழி மீளும், சிட்டை மீளாது.

மாறிய திசைவி அடையாள எண். அடையாள எண் வெளிப்படையாகக் குறிக்கப்படாத போது, பல கருவிகள் தொடங்கும் நேரத்தில் உள்ள லூப்பேக் முகவரிகளில் பெரியதை எடுத்துக்கொள்கின்றன. லூப்பேக் இல்லையெனில் ஏனைய இடைமுக முகவரிகளில் பெரியதை எடுக்கின்றன. இயங்கிக்கொண்டிருக்கும்போது புதிய முகவரி சேர்த்தாலும் அடையாள எண் உடனே மாறுவதில்லை. அடுத்த மறுதொடக்கத்திலேயே மாறுகிறது. புதிய எண் வேறொரு திசைவியின் எண்ணோடு ஒன்றிவிட்டால், அண்டையில் உள்ள இரண்டும் தொடர்பு கொள்ளா. தொலைவில் இருப்பின், ஒன்றின் அறிவிப்பை மற்றது தனதெனக் கருதித் திருத்திக்கொண்டே இருக்கும்.

பெருமப் பொதி அளவு. எம்டியு எனப்படும் இவ்வளவை மாற்றினால், சில நிலைமாற்றிகளில் அது மறுதொடக்கத்தின் பின்னரே நடைமுறைக்கு வரும். ஆதலால் மாற்றம் செய்த நாளில் ஏதும் நிகழாது. பல மாதங்கள் கழித்துத் தொடர்பு அறும்.

கடிகாரம். மின்கலத்தால் காக்கப்படும் கடிகாரம் இல்லாத கருவி, மறுதொடக்கத்தின் பின் பழைய தேதி ஒன்றிலிருந்து தொடங்கக்கூடும். அடையாளச் சரிபார்ப்புத் திறவுகளுக்குச் செல்லுபடியாகும் காலம் குறிக்கப்பட்டிருந்தால், அத்தேதியில் எந்தத் திறவும் செல்லாது. சரியான நேரத்தைப் பெற நேர வழங்கியை அணுக வேண்டும். அதற்கு வழி வேண்டும். வழிக்கு ஓஎஸ்பிஎஃப் வேண்டும். ஓஎஸ்பிஎஃப்புக்குச் சரியான நேரம் வேண்டும். இவ்வாறு ஒரு சுழல் உருவாகிறது.

சரிபார்ப்பு வரிசை எண். மறைகுறிச் சரிபார்ப்பு கொண்ட ஓஎஸ்பிஎஃப் பொதிகளில் ஏறுமுகமான வரிசை எண் ஒன்று உள்ளது. மறுதொடக்கத்தின் பின் அது குறைந்த எண்ணிலிருந்து தொடங்கினால், முந்தைய பெரிய எண்ணை நினைவில் வைத்துள்ள அண்டைத் திசைவி, அப்பொதிகளைப் பழைய பொதிகளின் மறுபதிப்பு எனத் தள்ளிவிடும். அண்டைத் திசைவி பழைய தொடர்பை இறந்ததாக அறிவித்த பின்னரே புதிய பொதிகள் ஏற்கப்படும். 2015 இல் வெளியான ஆர்எஃப்சி 7474, வரிசை எண்ணை 64 பிட் ஆக்கி, அதன் மேற்பாதியில் தொடக்கங்களின் எண்ணிக்கையைச் சேமிக்கும் முறையை வரையறுத்து இக்குறையை நீக்கியது.

ஓஎஸ்பிஎஃப் தொடர்பு நிற்கும் நிலைகள்

ஓஎஸ்பிஎஃப் தொடர்பு எந்த நிலையில் நிற்கிறது என்பதே காரணத்தைப் பெருமளவு சுட்டிவிடும்.

டவுன் நிலையில், அல்லது பட்டியலில் அண்டைத் திசைவியே இல்லாத நிலையில், ஹலோ வந்து சேரவில்லை, அல்லது வந்தும் ஏற்கப்படவில்லை என்று பொருள். ஹலோ இடைவெளி, இறப்பு இடைவெளி, பகுதி எண், பகுதியின் வகை, சரிபார்ப்புத் திறவு ஆகியன இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். இருமுனை இணைப்பு அல்லாத இடங்களில் வலையமைப்பு முகமூடியும் ஒத்திருக்க வேண்டும்.

இனிட் நிலை, மறுபக்கத்தின் ஹலோ வருகிறது, ஆனால் அதில் தன் எண் இல்லை என்பதைக் காட்டுகிறது. அதாவது ஒரு திசையில் மட்டுமே பொதிகள் செல்கின்றன. ஒளியிழையின் ஓர் இழை பழுதடைதல், ஒரு பக்கத்தில் மட்டும் வடிகட்டி இருத்தல், ஒரு பக்கம் மட்டும் சரிபார்ப்பில் தோற்றல் ஆகியவை இதன் காரணங்கள்.

டூ-வே என்னும் இருவழி நிலை எப்போதும் பழுதன்று. ஈதர்நெட் போன்ற பகிர்வு ஊடகத்தில் ஒரு திசைவி நியமிக்கப்பட்ட திசைவியாகவும், மற்றொன்று அதன் மாற்றாகவும் தெரிவாகின்றன. ஏனையவை இவ்விரண்டுடன் மட்டுமே முழுமை நிலையை அடையும். தமக்குள் இருவழி நிலையிலேயே நிற்கும். முன்னர் நியமிக்கப்பட்ட திசைவியாக இருந்த ஒன்று, மறுதொடக்கத்தின் பின் அப்பதவியைத் தானாகத் திரும்பப் பெறுவதில்லை. ஆகவே மறுதொடக்கத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த பட்டியல்கள் வேறுபடுவதை மட்டும் கொண்டு பழுது எனக் கூறுதல் தவறு.

எக்ஸ்-ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச் ஆகிய நிலைகளில் நீண்ட நேரம் நின்றால் எம்டியு வேறுபாட்டை முதலில் ஐயுற வேண்டும். தரவுத்தளச் சுருக்கப் பொதியில் அனுப்புநரின் எம்டியு குறிக்கப்பட்டுள்ளது. அது தன்னால் ஏற்கக்கூடிய அளவை விடப் பெரிதாயின், பெறுநர் அப்பொதியைத் தள்ளிவிடும். ஹலோ சிறியதாதலால் அது தடையின்றிச் சென்றுகொண்டிருக்கும்.

ஃபுல் நிலையும் வழி கிடைத்துவிட்டது என்பதற்கு முழு உறுதி அன்று. ஒரு பக்கம் இருமுனை இணைப்பாகவும் மறுபக்கம் பகிர்வு ஊடகமாகவும் அமைந்திருந்தால், தொடர்பு முழுமை நிலையை அடையலாம். ஆனால் இரு அறிவிப்புகளும் ஒன்றோடொன்று பொருந்தாமையால் அவ்விணைப்பு வழிக் கணக்கில் சேராது.

மறுதொடக்கத்திற்கு முன் அத்திசைவி வெளியிட்ட அறிவிப்புகள், அண்டைத் திசைவிகளின் தரவுத்தளத்தில் 1 மணி நேரம் வரை நீடிக்கும். மீண்டு வந்த திசைவி தன் பழைய அறிவிப்பைப் பிறரிடமிருந்து பெறும்போது, அதனிலும் பெரிய வரிசை எண்ணுடன் புதியதை வெளியிட்டு அதை நீக்குகிறது. அடையாள எண் மாறியிருந்தால் பழைய அறிவிப்புக்கு உரியவர் எவரும் இல்லாமையால், அது காலாவதியாகும் வரை தரவுத்தளத்தில் தங்கும். இணைப்பின் மறுமுனை அதை ஒப்புக்கொள்ளாததால் வழிக் கணக்கில் அது பயன்படாது.

எல்டிபி அமர்வு அமையாத நிலைகள்

எல்டிபியில் ஹலோ கண்டறிதல், அமர்வு ஆகிய இரண்டையும் தனித்தனியே நோக்க வேண்டும். ஹலோவே இல்லையெனில், இடைமுகத்தில் எம்பிஎல்எஸ் இயக்கப்படவில்லை, அல்லது யூடிபி 646 ஆம் துறை வடிகட்டப்படுகிறது எனக் கொள்ளலாம். ஹலோ இருந்தும் அமர்வு இல்லையெனில், பின்வருவனவற்றை வரிசையாக ஆராயலாம்.

முதலாவது, போக்குவரத்து முகவரிக்கான வழி. அண்டைத் திசைவியின் லூப்பேக் முகவரி ஓஎஸ்பிஎஃப்பில் அறிவிக்கப்படாவிட்டால், இணைப்பின் நேர் முகவரிக்கு பிங் சென்றாலும் டிசிபி இணைப்பு அமையாது. மறுதொடக்கத்தில் எல்டிபியின் அடையாளம் வேறொரு முகவரிக்கு மாறி, அம்முகவரி ஓஎஸ்பிஎஃப்பில் இல்லாதிருத்தல் இதன் அறியப்பட்ட வடிவம். சோதனைக்கான பிங், ஒரு லூப்பேக் முகவரியிலிருந்து மற்றொரு லூப்பேக் முகவரிக்கு அனுப்பப்பட வேண்டும்.

இரண்டாவது, டிசிபி 646 ஆம் துறையைத் தடுக்கும் வடிகட்டி. இணைப்பைத் தொடங்குவது பெரிய முகவரி உடைய திசைவியே ஆதலால், அடையாளம் மாறிய பின் தொடங்குபவர் யார் என்பதும் மாறலாம். ஒரு திசையை மட்டும் அனுமதித்த வடிகட்டி அதுவரை பிழையின்றி இருந்து, அன்று முதல் தடையாகும்.

மூன்றாவது, கடவுச்சொல். எல்டிபியின் டிசிபி இணைப்பை எம்டி5 கையொப்பத்தால் காக்கும் வழக்கம் உண்டு. இரு பக்கமும் கடவுச்சொல் வேறுபட்டால் டிசிபியின் முதல் பொதியே ஓசையின்றித் தள்ளப்படும். புதிய கடவுச்சொல்லை ஏற்கெனவே உள்ள அமர்வுக்குப் பயன்படுத்தாமல், அடுத்த அமர்வுக்கே பயன்படுத்தும் கருவிகளில், பிழையான கடவுச்சொல் மறுதொடக்கம் வரை மறைந்திருக்கும்.

தொடக்கச் செய்தி மறுக்கப்பட்டால், மீண்டும் முயல்வதற்கு முன் குறைந்தது 15 விநாடி காத்திருக்க வேண்டும் என்றும், அடுத்தடுத்த மறுப்புகளில் காத்திருப்பின் உச்ச அளவு 2 நிமிடத்திற்குக் குறையாமல் வளர வேண்டும் என்றும் ஆர்எஃப்சி 5036 விதிக்கிறது. ஆகவே பிழை திருத்தப்பட்ட பின்னும் அமர்வு உடனே அமையாதிருக்கலாம். இந்த இடைவெளியில் பொறுமையிழந்து வேறொன்றை மாற்றுவது, சரியான திருத்தத்தையும் குலைத்துவிடக்கூடும்.

வழி உண்டு, சிட்டை இல்லை

இரு நெறிமுறைகளும் வெவ்வேறு நேரத்தில் மீள்வதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். க, ங, ச, ஞ என்னும் நான்கு திசைவிகளைக் கொண்ட வலையமைப்பு ஒன்றில், க-இலிருந்து ச-விற்கு இரண்டு வழிகள் உள்ளன எனக் கொள்வோம். ங வழியாகச் செல்லும் வழியின் செலவு 20. ஞ வழியாகச் செல்லும் வழியின் செலவு 40. க-விலும் ச-விலும் ஒரு வாடிக்கையாளரின் இரண்டு கிளைகள் மெய்நிகர் தனியார் வலையமைப்பால் இணைக்கப்பட்டுள்ளன. அவ்வாடிக்கையாளரின் பொதி ஒவ்வொன்றும் இரண்டு சிட்டைகளைத் தாங்கிச் செல்கிறது. வெளிச்சிட்டை ச-விற்குச் செல்லும் வழியைக் குறிக்கிறது. உட்சிட்டை வாடிக்கையாளரைக் குறிக்கிறது. அதன் பொருள் ச-விற்கு மட்டுமே தெரியும்.

திசைவி ங மறுதொடக்கத்திற்காக நிறுத்தப்படுகிறது. ஓஎஸ்பிஎஃப் இதை உணர்ந்து போக்குவரத்தை ஞ வழியாகத் திருப்புகிறது. அங்கு சிட்டைகள் ஏற்கெனவே உள்ளமையால் வாடிக்கையாளருக்குச் சிறு தடங்கலே ஏற்படுகிறது.

சில நிமிடங்களில் ங மீண்டு வருகிறது. இரு பக்கமும் ஓஎஸ்பிஎஃப் முழுமை நிலையை அடைகிறது. செலவு குறைந்த பழைய வழிக்குப் போக்குவரத்து திரும்புகிறது. ஆனால் ங-விற்கும் ச-விற்கும் இடையே எல்டிபி அமர்வு அமையவில்லை. க அனுப்பும் பொதி ங-வை அடைகிறது. வெளிச்சிட்டையை என்ன செய்வது என்பதை ச ஒருபோதும் ங-விற்குத் தெரிவிக்கவில்லை. வெளிச்சிட்டையை அகற்றினாலும் உள்ளே தனக்குப் பொருள் தெரியாத மற்றொரு சிட்டை உள்ளது. எனவே ங அப்பொதியைக் கைவிடுகிறது.

இதே நேரத்தில் ங-விலிருந்து ச-விற்கு அனுப்பும் பிங் வெற்றி பெறுகிறது. ஏனெனில் அது சிட்டையற்ற சாதாரண ஐபி பொதி. ஓஎஸ்பிஎஃப் பட்டியல் முழுமை எனக் காட்டுகிறது. இணைப்பு செயல்படுகிறது. கண்காணிப்புத் திரையில் பழுது ஏதும் இல்லை. வாடிக்கையாளரின் கிளைகளுக்கு இடையே மட்டும் தொடர்பு இல்லை. அதாவது இச்சேவைக்கு நீண்ட பாதிப்பு ஏற்பட்டது திசைவி நின்றபோது அன்று. அது அரைகுறையாக மீண்டபோதே ஆகும்.

இத்தகைய நிலையைக் கண்டறிவதற்கென உருவாக்கப்பட்டதே சிட்டைவழி பிங் ஆகும். 2006 இல் ஆர்எஃப்சி 4379 ஆக வெளிவந்து, 2017 இல் ஆர்எஃப்சி 8029 ஆல் மாற்றப்பட்ட இம்முறையில், சோதனைப் பொதியின் சேருமிடமாக 127 எனத் தொடங்கும் முகவரி இடப்படுகிறது. அம்முகவரிக்கு எந்தத் திசைவியும் வழிப்படுத்தல் செய்யாது. எனவே சிட்டை வழி அறுந்திருந்தால், பொதி சாதாரண ஐபி வழியில் தப்பிச் சென்று பொய்யான வெற்றியைத் தர இயலாது.

ஆய்வு வரிசை

மேற்கூறிய சார்புகளின்படி, ஆய்வு கீழிருந்து மேலாகச் செல்வதே பயனுள்ளது. ஒவ்வொரு படியும் உறுதியான பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

1. மறுதொடக்கத்திற்கு முன் எடுத்த அண்டைத் திசைவிப் பட்டியல், அமைவடிவம் ஆகியவற்றை இப்போதுள்ளவற்றோடு ஒப்பிடுதல்.
2. கடிகாரம், திசைவி அடையாள எண், எல்டிபி அடையாளம், எம்டியு ஆகிய நான்கும் மாறியுள்ளனவா எனப் பார்த்தல்.
3. இடைமுகம் செயல்படுகிறதா, இரு திசைகளிலும் பொதிகள் செல்கின்றனவா என அறிதல்.
4. ஓஎஸ்பிஎஃப் தொடர்பு எந்த நிலையில் உள்ளது எனப் பார்த்து, அந்நிலைக்குரிய காரணங்களை மட்டும் ஆராய்தல்.
5. லூப்பேக் முகவரிகளுக்கு இடையே பிங் அனுப்புதல்.
6. எல்டிபி ஹலோ, டிசிபி இணைப்பு, அமர்வு ஆகியவற்றைத் தனித்தனியே சோதித்தல்.
7. சேருமிடத்திற்கான சிட்டை, வழியிலுள்ள ஒவ்வொரு திசைவியிலும் உள்ளதா எனப் பார்த்தல்.
8. சிட்டைவழி பிங்கைச் சிறிய அளவிலும் முழு அளவிலும் அனுப்புதல்.

இறுதிப் படியில் அளவு முக்கியமானது. 1500 பைட்டு பொதியுடன் இரண்டு சிட்டைகள் சேரும்போது 1508 பைட்டு ஆகிறது. மறுதொடக்கத்தின் பின் எம்டியு இயல்பு அளவுக்குத் திரும்பியிருந்தால், சிறிய பொதிகள் செல்லும், பெரியவை செல்லா.

பழுதுபார்க்கும்போது திசைவியை மீண்டும் ஒருமுறை மறுதொடக்கம் செய்வது பொதுவாகப் பயன் தருவதில்லை. சேமித்த அமைவடிவமே பிழையாயின் அதே முடிவே கிடைக்கும். மேலும் பதிவேட்டில் உள்ள தடயங்கள் அழியக்கூடும்.

தடுப்பு முறைகள்

எல்டிபி ஒத்திசைவு: 2009 இல் வெளியான ஆர்எஃப்சி 5443 விவரிக்கும் இம்முறையில், எல்டிபி அமர்வு அமையும் வரை ஓஎஸ்பிஎஃப் அவ்விணைப்பைப் பெருமச் செலவான 65535 உடன் அறிவிக்கிறது. இணைப்பு முற்றிலும் மறைக்கப்படாமையால் எல்டிபிக்குத் தேவையான வழி கிடைக்கிறது. வேறு வழி இருக்கும்போது போக்குவரத்து அவ்வழியே செல்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், ங-வும் ச-வும் சிட்டைகளைப் பகிரும் வரை பொதிகள் ஞ வழியாகவே சென்றுகொண்டிருக்கும். பகிர்வு ஊடகங்களில் செலவு இணைப்பின் ஒரு முனைக்கு மட்டும் உரியதன்று ஆதலால், அவற்றுக்கான தனி முறை 2011 இல் ஆர்எஃப்சி 6138 இல் வரையறுக்கப்பட்டது.

தொடக்கக் காலப் பெருமச் செலவு: புதிதாகத் தொடங்கிய திசைவி, குறிப்பிட்ட காலம் வரை தன் எல்லா இணைப்புகளையும் பெருமச் செலவுடன் அறிவித்து, பிறரின் போக்குவரத்து தன் வழியே வருவதைத் தவிர்க்கிறது. இது 2001 இல் ஆர்எஃப்சி 3137 ஆகவும், 2013 இல் ஆர்எஃப்சி 6987 ஆகவும் வெளிவந்தது.

இடையறா மறுதொடக்கம்: கட்டுப்பாட்டு மென்பொருள் மட்டும் மறுதொடங்கும்போது, பொதிகளை அனுப்பும் பகுதி பழைய அட்டவணையோடு இயங்கிக்கொண்டிருக்க, அண்டைத் திசைவிகள் தொடர்பை அறுக்காமல் காத்திருக்கும் முறை இதுவாகும். 2003 இல் எல்டிபிக்கு ஆர்எஃப்சி 3478 ஆகவும், ஓஎஸ்பிஎஃப்புக்கு ஆர்எஃப்சி 3623 ஆகவும் வரையறுக்கப்பட்டது. மின்சாரம் முற்றிலும் நின்று தொடங்கும் மறுதொடக்கத்திற்கு இது உதவாது.

இவற்றோடு, திசைவி அடையாள எண்ணையும் எல்டிபி அடையாளத்தையும் வெளிப்படையாக ஒரே லூப்பேக் முகவரியில் நிலைநிறுத்துதல், ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அமைவடிவத்தைச் சேமித்தல், திட்டமிட்ட மறுதொடக்கத்திற்கு முன் நிலைப் பட்டியல்களைப் பதிவு செய்தல் ஆகியன எளிய, ஆனால் பயன்மிக்க வழிமுறைகள் ஆகும்.

அண்மைய வளர்ச்சி

வழியையும் சிட்டையையும் இரு நெறிமுறைகள் தனித்தனியே கையாள்வதே இவ்விடைவெளிக்குக் காரணம் ஆதலால், இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 2018 இல் ஆர்எஃப்சி 8402 ஆக வெளிவந்த கூறுவழிப்படுத்தல் என்னும் கட்டமைப்பில், சிட்டைகளுக்கான தகவலை வழிப்படுத்தல் நெறிமுறையே சுமந்து செல்கிறது. ஓஎஸ்பிஎஃப்புக்கான அதன் விரிவாக்கம் 2019 இல் ஆர்எஃப்சி 8665 ஆக வெளியானது. இம்முறையில் எல்டிபி தேவைப்படாமையால், ஒன்று மீண்டு மற்றொன்று மீளாத நிலை நீங்குகிறது. எனினும் அடையாள எண், எம்டியு, கடிகாரம், சேமிக்கப்படாத அமைவடிவம் ஆகியவற்றால் நேரும் பழுதுகள் ஓஎஸ்பிஎஃப்புக்கே உரியவை ஆதலால், அவை இம்முறையிலும் தொடர்கின்றன.

இவற்றையும் பார்க்க

திசைவி
கணினி வலையமைப்பு
இணைய நெறிமுறை
மெய்நிகர் தனியார் வலையமைப்பு
டைக்ஸ்ட்ரா படிமுறை